புள்ளியிட்ட இடம்: மின்சுற்றுப் படங்களின் வரலாறு

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீரளிக்கும் பேச்சிப்பாறை அணை 1906ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதற்கு மேலே மலைப்பகுதியில், கோதையாற்று நீரால் இயங்கும் இரு மின்நிலையங்கள் 1970, 1971 ஆம் ஆண்டுகளில் செயற்படத் தொடங்கின. முதலாவதன் திறன் 60 மெகாவாட். மற்றதன் திறன் 40 மெகாவாட். இத்தகைய நிலையம் ஒன்றின் மின்னாக்கி, மின்மாற்றி, விசைகள், வெளிச்செல்லும் தடங்கள் யாவும் ஒரே தாளில் அடங்கிவிடும். மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளையும் அங்கே ஒரே கோடு குறிக்கும். பொறியாளர் இதனை ஒற்றைக்கோட்டுப் படம் என்பர். உருவத்தை விடுத்து உறவைக் காட்டும் இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று.

இத்தாலிய அறிஞர் வோல்டா தம் மின்னடுக்கை 1800ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தபோது, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்பதைக் கண்டவாறே வரைந்து காட்டினார். கம்பிகளும் கருவிகளும் பெருகியபோது அவ்வாறு வரைதல் பயன்படாமற் போயிற்று. தகட்டின் நினைவாக நீண்டதும் குறியதுமான இரு கோடுகளே மின்கலத்தின் அடையாளமாக எஞ்சின. மின்தடைக்குச் சில நாடுகளில் நெளிகோடும், சில நாடுகளில் நீள்சதுரமும் வழங்கலாயின.

ஜெர்மானிய அறிஞர் கிர்க்காஃப் 1845ஆம் ஆண்டில், ஒரு சந்திப்பை வந்தடையும் மின்னோட்டமும் அங்கிருந்து பிரிந்து செல்லும் மின்னோட்டமும் சமம் என நிறுவினார். கால்வாய் கிளைகளாகப் பிரியுமிடத்தை அறிந்த உழவர்க்கு இது புதிதன்று. ஆயின் கால்வாய் நீர் கடைமடையோடு நின்றுவிடும். மின்னோட்டம் புறப்பட்ட இடத்திற்கே மீள வேண்டும். ‘மின்சுற்று’ என்னும் தமிழ்ச்சொல் இவ்வுண்மையைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

கிர்க்காஃப் கூறிய அச்சந்திப்பைத் தாளில் காட்டுவது ஒரு சிறு புள்ளி. இரு கோடுகள் வெட்டுமிடத்தில் புள்ளி இருப்பின் கம்பிகள் இணைந்தவை. இல்லையேல் தீண்டாமல் கடப்பவை. பழைய படங்களில் கடக்கும் கம்பி சிறு வளைவாய் மற்றதைத் தாண்டிச் செல்லும். படியெடுக்கையில் புள்ளி மறைந்தால் இணைப்பு அறுந்ததாகும். வேண்டாத புள்ளி விழுந்தால் குறுக்குச்சுற்று நேரும். ஆதலின் நான்கு கோடுகளை ஒரே புள்ளியில் கூட்டாது, சற்று விலக்கி இரண்டு முச்சந்திகளாக வரைதல் நல்ல மரபாயிற்று. அங்கே புள்ளி மறைந்தாலும் பொருள் மாறாது.

இவ்விடர் தமிழர்க்குப் பழக்கமானதே. மெய்யெழுத்திற்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியை விடுத்தனர். புள்ளி நீங்கிய ‘எரி’யை ‘ஏரி’ என்றும் படிக்கலாம். நெருப்பும் நீரும் ஒரே வடிவில் நின்றன. வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இம்மயக்கத்தை நீக்கினார். புள்ளியை நம்பியிராமல் வடிவையே வேறுபடுத்திய அவர் வழியும், முச்சந்தியாய்ப் பிரித்து வரைந்தோர் வழியும் ஒன்றே.

கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இராது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) கவிஞராக மட்டுமன்றிக் கல்வெட்டாய்வாளராகவும் விளங்கினார். அத்தகைய ஆய்வாளர் இல்லாத புள்ளியைச் சொல்லறிவாலும் சூழலறிவாலும் இட்டே படித்தனர். ஏட்டில் பிழைபட்ட சொல்லைப் பின்வரும் பதிப்பாசிரியர் திருத்துவார். மின்படத்தில் பிழைபட்ட புள்ளிக்கு அத்தகைய அவகாசம் இல்லை. விசையைத் தொடும் தொழிலாளியின் கையே அதனை முதலில் அறியும்.