அமெரிக்கப் போருக்குச் சித்தூர் அளந்த தானியம்

1781 அக்டோபர் 19. வர்ஜீனியாவின் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தத் தேதியை விடமாட்டார்கள். அதே ஐப்பசி மழையில், சித்தூரைச் சுற்றியிருந்த பாளையங்களில் இன்னொரு ஆங்கிலப் படை சோற்றுக்கு அலைந்துகொண்டிருந்தது. நவம்பர் 11-ம் தேதி அந்தப் படை சித்தூர்க் கோட்டையைப் பிடித்தது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் நம் ஊர்க்காரர்கள் பட்ட பாடு புரியும்.

1778 பிப்ரவரியில் பிரான்ஸ், அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரிட்டனும் பிரான்ஸும் போரில் இறங்கிய செய்தி சென்னைக்கு வந்ததும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை முற்றுகையிட்டது. அக்டோபரில் புதுச்சேரி விழுந்தது. அடுத்த மார்ச்சில் மாஹேயையும் பிடித்தார்கள். வினை அங்கேதான் முளைத்தது. மாஹே தன் பாதுகாப்பில் இருக்கும் துறைமுகம் என்று மைசூரை ஆண்ட ஹைதர் அலி முன்பே எச்சரித்திருந்தார். பிரெஞ்சு ஆயுதங்கள் அவருக்கு அந்த வழியாகத்தான் வந்தன. மராத்தியர் படையெடுத்தபோது சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் கம்பெனி கைவிட்ட பழைய ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. 1780 ஜூலையில் ஏறக்குறைய 90,000 பேருடன் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார்.

பழவேற்காடு ஏரியிலிருந்து புதுச்சேரி வரை, கடற்கரையை ஒட்டிய ஊர்களை அவருடைய குதிரைப்படை கொளுத்தியது. கம்பெனிக்கு ஒரு படி அரிசியும் ஒரு மாடும் கிடைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்த அழிவைத்தான் விவரித்தார். அன்றுமுதல் வரலாறு எழுதியவர்களின் கண் அந்த எரிந்த ஊர்கள் மீதே நின்றுவிட்டது. மேற்கே மலையடிவாரத்தில் இருந்த சித்தூர்ச் சீமையை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மைசூருக்குப் போகும் வழி ஹைதருக்கு வேண்டும். படைக்குத் தீனியும் வேண்டும். இந்த ஊர்கள் கொளுத்தப்படாமல் தப்பின என்றால், கறப்பதற்காக விட்டுவைத்த மாடு மாதிரிதான்.

தொண்ணூறாயிரம் பேருக்கு நாளுக்கு ஒரு படி தானியம் என்று வைத்தாலே தொண்ணூறாயிரம் படி. குதிரைக்குக் கொள்ளு தனி. பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் எருதுகள் வேண்டும். லம்பாடிகள் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்து படைக்கு விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தானியமும் யாரோ ஒரு குடியானவன் களத்து மேட்டிலிருந்து வந்ததுதானே? இந்தப் பக்கத்து மக்கள் கேழ்வரகையும் கம்பையும் குழி வெட்டிப் புதைத்து, மேலே மண் மூடி வைப்பார்கள். மழை பொய்த்த வருஷத்தில் குடும்பத்துக்குச் சங்கடி கிண்ட அதுதான் கையிருப்பு. படைக்காரன் முதலில் தேடுவது அந்தக் குழியைத்தான். தானியம் போனால் ஒரு வருஷம் பட்டினி. உழவு மாடு போனால் நிலமே தரிசு. ஏரிக்கரை உடைந்து, அடைக்க ஊரில் ஆள் இல்லாமல் போனால், அதற்குப் பிறகு மழை பெய்தும் பயன் இல்லை.

1780 செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை ஹைதரிடம் அழிந்தது. புரட்டாசி பிறக்கச் சில நாட்களே இருந்தன. ஆற்காட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே இருந்த வழிகளில் படைகள் நின்றன. புரட்டாசியில் திருமலைக்கு நடந்துபோகும் தமிழ்நாட்டுப் பக்தர்களின் பாதைகள் அவை. திருப்பதிக் காணிக்கையில் ஆற்காட்டு நவாபுக்கு வருமானம் இருந்தது. பக்தர் வரத்து குறைந்தால் சர்க்காருக்கு அது கணக்கில் ஒரு குறை. அடிவாரத்தில் பூ கட்டுகிறவருக்கும் சத்திரத்தில் சமைக்கிறவருக்கும் அதுதான் பிழைப்பே.

1781 செப்டம்பர் 27-ம் தேதி சோளிங்கரில் கம்பெனிப் படைத் தளபதி ஐர் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். வென்ற படையிடம் அரிசி இல்லை. வேலூர்க் கோட்டையில் இருந்த கம்பெனிப் படையும் பட்டினி. கூட் பாளையங்களுக்குள் நுழைந்து, கிடைத்ததைத் திரட்டி நாளைக் கடத்தினார். அதுவரை ஹைதரோடு இருந்த காளத்தி முதலிய பாளையக்காரர்கள் கம்பெனி பக்கம் சாய்ந்தார்கள். அதற்குத் தண்டனையாக அவர்களுடைய ஊர்களைக் கொளுத்த ஹைதர் ஆள் அனுப்பினார். பாளையக்காரர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கூரை எரிந்தது குடியானவனுக்குத்தான். இதை எழுதும்போது எனக்கு மனசு கொதிக்கிறது.

சித்தூரில் தானியம் குவிந்திருக்கும் என்று நம்பித்தான் கூட் கோட்டையைப் பிடித்தார். எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. அடைமழையில் மாடுகளைப் பறிகொடுத்தபடி படை திருப்பாச்சூருக்குத் திரும்பியது. சித்தூர் மறுபடி மைசூர்க்காரர்களிடம் போனது.

அடுத்த ஆண்டு ஹைதரின் பாசறையே சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டையில் இருந்தது. முதுகில் ராஜபிளவை கண்டு, 1782 டிசம்பர் 7-ம் தேதி அங்கேயே இறந்தார். மகன் திப்பு அப்போது மலபாரில் இருந்தார். செய்தி கசிந்தால் படை கலைந்துவிடும் என்று பூர்ணய்யாவும் மற்ற அதிகாரிகளும் மரணத்தை மறைத்தார்கள். பொக்கிஷம் கொண்டுபோவதுபோல் உடலைப் பெட்டியில் வைத்துக் கோலாருக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் ஏப்ரலில், அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் ‘ஹைதர் அலி’ என்ற பெயருள்ள கப்பல் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பலைச் சிறைபிடித்தது. கடலுக்கு அப்பால் கப்பலுக்கே பெயர் வைக்கிற அளவுக்கு ஹைதரின் புகழ் போயிருந்தது. அந்தப் படைக்குச் சோறு போட்ட ஊர்களின் பெயர் அங்கே யாருக்குத் தெரியும்?

1782-ல் சென்னையில் பஞ்சம். உள்நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களால் நகரம் திணறியது. பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் அந்தப் பஞ்சத்தில் பிறந்ததுதான்.

1783 ஜூன் கடைசியில், ஐரோப்பாவில் சமாதானம் ஆன செய்தி கடலூருக்கு வந்தது. அங்கே மைசூருக்குத் துணையாகப் போரிட்ட பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். திப்புவோடு சண்டை ஓய 1784 மார்ச் 11-ம் தேதி மங்களூர் உடன்படிக்கை வரை ஆனது. அதில் ஒரு ஷரத்து இருக்கிறது: கர்நாடகப் பாயன்காட்டிலிருந்து (மலைக்குக் கீழே உள்ள ஆற்காட்டுச் சீமையிலிருந்து) பிடித்துக்கொண்டு போன குடிமக்களில் திரும்ப விரும்புகிறவர்களைக் குடும்பம் குழந்தைகளோடு விட்டுவிட வேண்டும். எனக்கு அந்த உடன்படிக்கையில் முக்கியமான வரி இதுதான். ஊரோடு மனிதர்களை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்பதற்கு இரண்டு அரசுகளும் போட்ட கையெழுத்து அது.

திரும்பி வந்தவர்கள் ஏரிக்கரையை அடைத்து, இரண்டு மாடு சேர்த்து, நாலு போகம் பார்ப்பதற்குள் அடுத்த போர் வந்தது. 1791 பிப்ரவரியில் பெரும்படையோடு சித்தூர் வட்டாரம் வழியாக வந்து, மொகிலி கணவாய் ஏறிப் பெங்களூரை நோக்கிப் போனார் கவர்னர் ஜெனரல். யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ். இந்த முறையும் படைக்கு முதலில் தேவைப்பட்டவை தானியமும் எருதும்தான்.

(தொடரும்)