தடுப்பூசி என்னும் சொல்லும் புற்றுநோய் மருத்துவமும்

சொற்கள் தாம் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. 'வேக்சின்' என்னும் சொல்லின் வேர், பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல். 1796-இல் எட்வர்ட் ஜென்னர் பசுவம்மைக் கொப்புள நீரை ஒரு சிறுவனுக்கு ஏற்றிப் பெரியம்மையைத் தடுக்க முனைந்தமையால் வந்த பெயர் அது. பின்னர் லூயி பாஸ்டர், ஜென்னரைச் சிறப்பிக்கும் பொருட்டுப் பிற நோய்களுக்கும் அப்பெயரை விரித்தார். தமிழோ பசுவை விடுத்துப் பயனை நோக்கித் 'தடுப்பூசி' என்று ஆக்கிக்கொண்டது. வருமுன் காப்பதே அச்சொல்லின் பொருள்.

புற்றுநோய் மருத்துவத்தில் இச்சொல் இரு வழிகளில் நடக்கிறது. முதல் வழியில் இடர்ப்பாடு இல்லை. 1984-இல் தைவான் பச்சிளங்குழந்தைகளுக்குக் கல்லீரல் அழற்சி 'பி' தடுப்பூசியை இடத் தொடங்கியது. பின்னாளில் அங்குச் சிறாரிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. மலேசியாவிலும் 2010 முதல் பள்ளி மாணவியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி இடப்படுகிறது. இங்கே சொல்லும் பொருளும் ஒன்றுகின்றன.

இரண்டாம் வழி வேறு. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கழுத்துக் கட்டியோடு இருந்த ஒருவர் தோல் தொற்றினால் கடுங்காய்ச்சலுற்றபின் கட்டி கரைந்து பிழைத்த செய்தியைப் பழைய மருத்துவமனை ஏடுகளில் கண்டார். 1891-இல் அவரே நோயாளி ஒருவருக்கு அந்நுண்ணுயிரியை ஊசிவழிச் செலுத்தினார், கட்டி சுருங்கியது. உயிருக்கு ஊறு நேரும் என்பதால், பின்னர்க் கொல்லப்பட்ட நுண்ணுயிரிகளைப் பயன்படுத்தினார். பலன் சீராக அமையவில்லை. கதிரியக்க மருத்துவம் வளர, கோலியின் முறை ஒதுக்கப்பட்டது. எனினும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிக் கட்டியை வெல்லலாம் என்னும் எண்ணம் மாயவில்லை. காசநோய்க்குரிய பிசிஜி மருந்து, 1976 முதல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. எதிர்ப்பணுக்களைக் கட்டுப்படுத்தும் தடையை நீக்கும் முறையைக் கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். 2010-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த விந்துசுரப்பிப் புற்றுநோய் மருந்து, நோயாளியின் குருதியணுக்களைக் கொண்டே செய்யப்படுவது. அதையும் 'வேக்சின்' என்றே அழைக்கின்றனர்.

நோய் வந்தபின் தரும் இம்மருந்தைத் 'தடுப்பூசி' என்றால் என்ன நேரும்? நலமுள்ளோர், புற்றுநோய் அனைத்தையும் தடுக்க ஓர் ஊசி வந்துவிட்டதென மயங்குவர். நோயாளியோ, "வந்த நோயை இனி எதைத் தடுப்பது?" எனச் சோர்ந்து, தமக்குரிய மருந்தையே மறுக்கலாம். ஆகவே, வருமுன் காப்பதற்குத் 'தடுப்பூசி' என்பதையும், வந்தபின் தீர்ப்பதற்கு 'எதிர்ப்பாற்றல் தூண்டு மருந்து' என்பதையும் பிரித்து வழங்குவோம். கலைச்சொல்லின் தெளிவு நோயுற்றோர்க்கு நாம் செய்யும் உதவி. ஆசிரியரும் மாணவரும் அதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம்.