மலையகத்தில் காலநிலையும் கட்டடமும்: ஒரு வரலாற்று நோக்கு

வெப்பமண்டலக் கட்டடக்கலைபற்றி எழுதப்பெற்ற நூல்கள் பெரும்பாலும் வெயிலைப் பகையாகவும் காற்றை நட்பாகவும் கொண்டே தொடங்குகின்றன. அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சாளரங்கள் என்பன அவை வகுக்கும் இலக்கணம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிற்கு இது பெரிதும் பொருந்தும். ஆனால், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினதே. தை, மாசி மாதத்து விடியற்பொழுதுகளிற் புல்நுனியில் உறைபனி படிவதுமுண்டு. அற்றன், வட்டவளை, மஸ்கெலியாப் பகுதிகளோ தென்மேற்குப் பருவக்காற்றை நேர்முகமாக ஏற்பன. அங்கு வாழ்வோருக்கு வீடு தரவேண்டியது நிழலன்று. உலர்ந்த சுவரும் இரவுவரை தங்கும் சூடுமாகும். தோட்டங்களை அமைத்தோர் இதனை அறிந்திருந்தனரா?

அறிந்திருந்தனர் என்பதற்குத் தேயிலைத் தொழிற்சாலையே சான்று. கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தபின் மலைநாடெங்கும் பரவியது. அதனோடு எழுந்தவையே இன்றும் நாம் காணும் பல மாடித் தொழிற்சாலைகள். பறித்த கொழுந்தில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர். அதனைப் பன்னிரண்டு முதற் பதினெட்டு மணிநேரம் மெல்ல வாட்டுதல் வேண்டும். இதற்காக மேன்மாடிகளிற் சாக்குத் தட்டுகளை அடுக்கடுக்காகக் கட்டிக் கொழுந்தைப் பரப்பினர். மலைக்காற்று ஊடுருவிச் செல்லச் சுவர் நெடுகிலும் சாளரங்களை வைத்தனர். மழைநாளிற் சாளரங்களை அடைத்துவிட்டு, கீழே போறணையிற் பிறந்த வெப்பக் காற்றை விசிறிகளால் மேலே செலுத்தினர். நொதித்தல் நடைபெறும் அறையோ குளிர்ச்சியும் ஈரப்பதமும் குன்றாதவாறு பேணப்பட்டது. காற்று, வெப்பம், ஈரம் மூன்றையும் இத்துணை நுட்பமாக ஆண்ட கட்டடம் அக்கால இலங்கையிற் பிறிதொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. பிற்காலத்தில் வாட்டுதொட்டிகள் வந்தபின் அம்மாடிகளின் பயன் குறைந்தது. கந்தப்பளையில் அத்தகைய தொழிற்சாலையொன்று உல்லாச விடுதியாகவே மாறிவிட்டது.

துரையின் பங்களாவும் இவ்வறிவிற்குப் புறம்பானதன்று. அறைக்கு அறை கணப்படுப்பு, அதற்குப் புகைபோக்கி, காட்சியும் காலை வெயிலும் வாய்த்த மேட்டுநிலம் ஆகியன அதன் இயல்புகள்.

அதே தோட்டத்தில், அதே மழையில் நின்ற லயன்களை இவற்றோடு ஒப்பிடுதல் வேண்டும். கோப்பிக் காலத்திலேயே, அறுவடைக்கு வந்து மீள்வோரின் தற்காலிகத் தங்குமிடமாக மண்ணாலும் தடியாலும் தோன்றியவை அவை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். குடிகள் நிலைத்தன, கட்டடத்தின் கருத்து மட்டும் மாறவில்லை. மண் கருங்கல்லாகவும், புல் தகரமாகவும் மாறியதே மாற்றம். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பரா ஒன்று, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு ஒன்று. ஒரு குடும்பத்திற்கு இவ்வளவே. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய இரட்டை லயன்களிற் பின்சுவரே அயலவரின் பின்சுவராகையால் எதிர்ச்சாளரத்திற்கு இடமில்லை. தகரக் கூரை பகலிற் சுட்டு, இரவிற் குளிர்ந்து, அடியில் நீர்த்துளி கோத்துச் சொட்டும். மிலாறு எரியும் அடுப்பிற்குப் புகைபோக்கி இல்லை. கொழுந்து வாட அளந்து காற்று விட்டவர்கள், அதனைப் பறித்த கைகள் உறங்கும் அறையிற் புகை வெளியேற ஒரு துளை வைக்க நினைக்கவில்லை. அறியாமை என்று இதனை மன்னிக்க இயலாது.

குடியிருந்தோர் தாமே செய்த திருத்தங்கள் ஆய்வாளரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. இஸ்தோப்பைப் பலகையாலும் பழந்தகரத்தாலும் அடைத்துக் காற்றைத் தடுத்தனர். அடுப்பை இடம் மாற்றினர். சாணமும் மண்ணும் மெழுகித் தரையின் தண்மையைத் தணித்தனர். வெளியார் இவற்றை ஒழுங்கீனம் என்றனர். குளிர்நாட்டு வீட்டிற்கு வேண்டிய இடைவெளி அறையை அவர்கள் தாமாகவே கண்டுபிடித்தனர் என்பதே என் துணிபு.

1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டங்கள் தோட்டத்துச் சுகாதாரத்தைக் கருதின. எனினும் அவற்றின் நோக்கு நோயைத் தடுப்பதே. காலநிலைக்கேற்ற வாழிடம் என்னும் எண்ணம் பின்னரே வந்தது. கண்டியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா, 1958இல் வத்தபுளுவ வீடமைப்பிற் குடியேறப்போகும் அரசாங்க ஊழியரிடம் அவர்தம் தேவைகளை வினவி வரைபடம் அமைத்தார். கண்டியிலிருந்து அற்றன் வெகுதொலைவன்று. ஆயினும் அவ்வினா லயத்து வாசலை எட்டவில்லை.

1972, 1975 நிலச்சீர்திருத்தங்களாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனிவீடு என்பது பெரிய முன்னேற்றமே. ஆயினும் கணிசமான குடும்பங்கள் இன்றும் லயன்களிலேயே வாழ்கின்றன.

வீட்டிலும் முந்தியது அது நிற்கும் நிலம். தேயிலைக்கு உதவாத பள்ளத்திலும் சரிவிலும் லயன்களை வைத்த பழைய கணக்கின் விலையை 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி ஊவாவின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் மூடிய குடும்பங்கள் செலுத்தின. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலின்போது மலைநாட்டின் சரிவுகள் மீண்டும் பெயர்ந்தன. எந்தச் சரிவு உறுதியானது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வல்லது. உறுதியான நிலம் பல தோட்டங்களிற் தேயிலையின்கீழ் உள்ளது. அதனை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் லயத்தில் வாழ்வோரிடம் இல்லை.