மடிக்கணினி விரிவாக்க அட்டைகள்: பழுதும் பரிகாரமும்

மடிக்கணினியின் தாய்ப்பலகையில் இயல்பாக அமையாத ஒரு திறனைப் பின்னர் சேர்க்கும் பொருட்டுச் செருகப்படும் சிறு மின்சுற்றுப் பலகை விரிவாக்க அட்டை எனப்படும். 1990இல் நியமம் பெற்ற 68 முனைப் பிசி கார்டும், 2003இல் தோன்றிய 26 முனை எக்ஸ்பிரஸ் கார்டும் பக்கவாட்டுத் துவாரத்தில் வெளியிலிருந்தே நுழைந்தன. மினி பிசிஐ எக்ஸ்பிரஸும் எம்.2 அட்டையுமோ அடிமூடியின் உள்ளே இடம்பெற்றன.

2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணாக்கர் இல்லங்களிலும் கணினி பிரவேசித்தது. இத்தகைய பழங்கணினிகளில் வைஃபை மறைந்துவிட்டால், அதற்குரிய உள் அட்டை செத்துவிட்டதென்று உடனே தீர்மானித்துப் புதியது வாங்குவது, எளிய குடும்பங்களுக்கு அநாவசியமான செலவாகும். பழுது பெரும்பாலும் அட்டையின் சுற்றிலன்றி அதன் இருக்கையிலோ இயக்கநிரலிலோ இருத்தல் கூடும்.

ஆதலால் முதற்கண் அறிய வேண்டுவது, கணினி அவ்வட்டையைக் காண்கிறதா என்பதே. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் தோன்றுமாயின் டிரைவரையும், குற்றமின்றித் தோன்றியும் அலையைத் தேடாதாயின் ஏரோபிளேன் மோடையும் பக்கத்திலுள்ள வைஃபை சுவிட்சையும் சோதித்தல் வேண்டும். ரவுட்டரின் அருகில் மட்டும் வேலை செய்யுமாயின், ஆண்டெனாக் கம்பிகளின் பொத்தான் போன்ற நுண்முனைகள் கழன்றிருக்கக்கூடும். அவற்றை நேர் மேலாக வைத்து, 'டிக்' என்று அமரும்வரை விரல் நுனியால் அழுத்தவேண்டும்.

டிவைஸ் மேனேஜரில் அட்டை அறவே தோன்றாதபோது, சார்ஜரையும் பேட்டரியையும் நீக்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, உடலின் நிலைமின்னேற்றம் இறங்க உலோகத்தைத் தொட்டபின், அடிமூடியைத் திறந்து அட்டையின் திருகைக் கழற்றினால் அது தானே சாய்ந்து எழும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோர வீடுகளில் விசிறிவழிப் புகும் தூசி தொடுமுனைகளில் படிவதற்கு ஏதுவுண்டு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் அம்முனைகளைத் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் செருகுவது உத்தமம். பென்சில் ரப்பரால் தேய்க்கும் வழக்கத்தில் துகள்கள் துவாரத்தில் தங்கும் அபாயம் உண்டு.

அதன் பின்னும் அட்டை காணப்படாவிடில், பயாஸில் அத்துவாரம் முடக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவேண்டும். சில நிறுவனங்களின் பயாஸ் தான் அங்கீகரித்த வைஃபை அட்டைகளையன்றிப் பிறவற்றை ஏற்பதில்லை. எம்.2 துவாரத்தில் செருகும் சேமிப்பு அட்டையில் நுணுக்கம் இன்னும் அதிகம்: சாட்டா சேமிப்புக்கே உரிய துவாரத்தில், இரட்டை வெட்டுடைய என்விஎம்இ அட்டை தடையின்றிப் பொருந்தினும் இயங்காது.