கோழிக்குஞ்சும் ஜலதோஷமும்

ஜலதோஷத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நேயர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். சுக்குக் கஷாயத்தோடு முடிய வேண்டிய விஷயத்துக்கு வானொலியில் நேரம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. விஞ்ஞான உலகமும் நெடுங்காலம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காக நாம் கொடுத்த விலை சிறிதன்று.

கொரோனா வைரஸ் ஆராய்ச்சியின் கதை மனிதனிடம் தொடங்கவில்லை. கோழிப் பண்ணையில் தொடங்குகிறது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட டக்கோட்டாவைச் சேர்ந்த ஷால்க், ஹான் என்னும் இருவர், கோழிக்குஞ்சுகளைப் பீடித்த ஒரு புதிய சுவாச வியாதியைப் பற்றி எழுதினார்கள். குஞ்சுகள் மூச்சுக்குத் தவித்துத் தவித்து மடிந்தன. 1937இல் போடெட், ஹட்சன் என்போர் அவ்வியாதியின் வைரஸைக் கருவுற்ற முட்டைக்குள் வளர்க்கும் வழியைக் கண்டனர். 1946இல் பன்றிக்குட்டிகளின் குடல் நோய் ஒன்றும், 1949இல் எலிகளின் நோய் ஒன்றும் வைரஸால் வருபவை என்று தெரியவந்தன. மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதை அன்று யாரும் அறியார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1950-களிலேயே கோழிகளுக்குத் தடுப்பு மருந்து வந்துவிட்டது. 1956இல் இன்னொரு செய்தியும் வெளியாயிற்று. மாஸசூஸெட்ஸ் வகை, கனெக்டிகட் வகை என்று இந்த வைரஸில் இரண்டு உண்டு. ஒன்றினால் நோயுற்றுப் பிழைத்த கோழிக்கு மற்றொன்றிடமிருந்து பாதுகாப்பு இல்லை. வைரஸ் உருமாறும், பழைய பாதுகாப்பு பலிக்காமற் போகும் என்று 2021இல் உலகம் திகைத்ததே, அதைக் கால்நடை வைத்தியர்கள் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்து எழுதி வைத்திருந்தார்கள். மனித வைத்தியம் பயின்றவர்களில் அதை எடுத்துப் படித்தவர் மிகச் சிலரே.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். ஸாலிஸ்பரி நகரத்துக்கு அருகே, யுத்த காலத்தில் அமெரிக்கர்கள் அமைத்துக் கொடுத்த ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. 1946இல் அது ஜலதோஷ ஆராய்ச்சி நிலையமாயிற்று. ஊர்ப் பொதுமக்களே அங்கே சோதனைப் பொருள்! பத்து நாள் தங்கலாம். உணவும் இருப்பிடமும் இலவசம். கைச்செலவுக்கும் சிறிது பணம். மாணவர்கள் வந்தார்கள், தேனிலவுக்கென்று வந்த தம்பதிகளும் உண்டாம். இரண்டிரண்டு பேராகத் தங்கவைத்து, சிலருடைய மூக்கில் நோயுள்ள திரவத்தையும், சிலருடைய மூக்கில் வெறும் திரவத்தையும் விட்டுவிட்டு, யார் தும்முகிறார் என்று பார்த்திருப்பார்கள். வெளியே உலாவலாம்; ஆனால் பிறரிடமிருந்து முப்பதடி விலகி நிற்க வேண்டும். நேயர்களுக்கு இது வேறொரு காலத்தை நினைவூட்டக்கூடும்.

1960-களின் தொடக்கத்தில், ஒரு விடுதிப் பள்ளியில் ஜலதோஷத்தோடு இருந்த சிறுவன் ஒருவனின் மூக்கைக் கழுவி எடுத்த திரவம் அந்நிலையத்துக்கு வந்தது. அதற்குப் பி814 என்று அடையாளமிட்டார்கள். டேவிட் டைரல் என்ற வைத்திய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் எத்தனையோ முயன்றும், அதிலிருந்த வைரஸ் சோதனைக் குழாயில் வளர மறுத்தது. ஆனால் மனிதர் மூக்கில் விட்டால் ஜலதோஷம் வந்தது. கிருமி இருக்கிறது, கையில் அகப்படவில்லை!

ஸ்வீடனிலிருந்து வந்த ஹூர்ன் என்பவர் வழி காட்டினார். தனித்தனி அணுக்களை விடுத்து, மனிதக் கருவின் மூச்சுக்குழல் துண்டையே உயிரோடு வைத்து, அதில் வைரஸை வளர்க்கும் முறை அது. 1965இல் பி814 இவ்வாறு வளர்ந்தது. ஈதர் பட்டதும் அது செயலற்றுப் போயிற்று. ஆகவே அதன் மேலுறை கொழுப்புச் சத்துள்ளது என்று ஊகித்தார்கள். அதே காலத்தில் சிகாகோவில் டாரதி ஹாம்ரே என்ற பெண்மணி, வைத்திய மாணவர்களிடமிருந்து 229இ என்ற வைரஸைப் பிரித்தெடுத்திருந்தார்.

வளர்ந்தது சரி, அதன் வடிவம் யாது? இங்கேதான் ஜூன் அல்மெய்டா வருகிறார். கிளாஸ்கோ நகரில் பஸ் ஓட்டுநர் ஒருவரின் மகளாக 1930இல் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தி, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிசாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் பயிலாமலேயே கனடாவில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வித்தையைக் கைவரப் பெற்று, 1964இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். டைரல் அனுப்பிய திரவங்களுள் இன்புளூயன்சா, ஹெர்ப்பிஸ் போன்ற தெரிந்த வைரஸ்களும் இருந்தன, பி814உம் இருந்தது. டைரலுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அல்மெய்டாவோ பார்த்த மாத்திரத்தில் இனம் கண்டுகொண்டார். ஏனெனில் அதே வடிவத்தை அவர் முன்பே கோழி வைரஸிலும் எலி வைரஸிலும் பார்த்திருந்தார். அதைக் கட்டுரையாக அனுப்பியபோது, இவை இன்புளூயன்சாவின் மோசமான படங்கள் என்று சொல்லித் திருப்பிவிட்டார்களாம். படம் மோசமில்லை, பார்த்தவர்களுக்குக் கோழியின் வியாதி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டை; அதைச் சுற்றிக் கதிர் போன்ற முட்கள். அம்முட்கள் சூரியனைச் சூழ்ந்த ஒளிமகுடத்தை நினைவூட்டியதால், லத்தீன் மொழியில் மகுடத்தைக் குறிக்கும் ‘கொரோனா’ என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். 1968இல் எட்டு விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ பத்திரிகையில் அப்பெயரை முன்மொழிந்தனர். அவர்களுள் கோழி வைரஸை ஆராய்ந்தோரும் இருந்தது எனக்குப் பெரு மகிழ்ச்சி தருகிறது.

பிறகு ஆர்வம் குன்றிற்று. சாதாரண ஜலதோஷம்தானே என்ற எண்ணமே மேலோங்கியது. 1990இல் ஸாலிஸ்பரி நிலையத்தை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 நவம்பரில், சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் சார்ஸ் நோய் புறப்பட்டது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்து, 774 பேரைக் கொன்றது. கண்டியில் பிறந்த மாலிக் பீரிஸின் ஹாங்காங் குழுவினர் 2003இல் அவ்வைரஸை வளர்த்தெடுத்தார்கள். அட்லாண்டாவிலோ, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அதே மகுடம் தெரிந்தது. 2005இல் அதன் உறவினங்கள் லாட வௌவால்களிடம் காணப்பட்டன. 2012இல் அரேபியாவில் மெர்ஸ். அது ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்கு வந்தது. அந்த மெர்ஸ் வைரஸின் முள்ளை நிலைபெறச் செய்யும் வழியை விளக்கி 2017இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதைப் படித்தவர் எத்தனை பேரோ! 2020 ஜனவரியில் கோவிட் வைரஸின் மரபு எழுத்துக்கள் வெளியானதும், அவ்வழியைக் கொண்டே முள்ளை வடித்து, மார்ச் மாதத்திலேயே தடுப்பூசிச் சோதனையைத் தொடங்க முடிந்தது.

அந்தப் பள்ளிச் சிறுவன் தந்த பி814 இன்று எங்கும் இல்லை; தொலைந்துபோயிற்று. ஆகையால் அதன் மரபு எழுத்துக்களை இனி எவரும் படிக்க இயலாது. 1967இல் அல்மெய்டாவும் டைரலும் எழுதிய கட்டுரை மட்டும் இருக்கிறது. பி814, 229இ ஆகிய இரண்டுக்கும் கோழி வைரஸுக்கும் உருவத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது.