நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைக் கொட்டும் குடுவை

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு சம்பவம் சொன்னார். ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பாதரசம் இருப்பதாக ஐசிபி கருவி காட்டியிருக்கிறது. சந்தேகப்பட்டு, நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினால் ஒன்றுமே இல்லை. அதற்கு முன்னால் ஓட்டிய ஆலைக் கழிவுநீரின் மிச்சம், ஸ்ப்ரே சேம்பர் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மறுபடி ஓட்டாமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பம் கிணற்றையே மூடியிருக்கும்.

அது என்ன சேம்பர் என்று கேட்டேன். மாதிரித் திரவத்தை நெபுலைசர் பனிபோலத் தூவும். அந்தப் பனி பிளாஸ்மாவுக்குப் போகும் வழியில் இருக்கிற குடுவைதான் அது. வழக்கமான அமைப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் பிளாஸ்மாவைச் சேருமாம். மீதி கழிவுக் கேனுக்கு. ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வீண்செலவு பொறுக்கவில்லை. தேட ஆரம்பித்தேன்.

கதை பிளாஸ்மாவுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்குகிறது. 1879-லேயே பிரான்ஸில் லூயி ஜார்ஜ் கூய் உப்புக் கரைசலைப் பனியாக்கிச் சுடரில் விட்டுப் பார்த்தார். 1955-ல் ஆலன் வால்ஷ் அணு உறிஞ்சல் முறையைக் கொண்டுவந்த காலத்தில் இரண்டு வகை பர்னர்கள் போட்டியில் இருந்தன. ஒன்று, தூவுவதை முழுக்கச் சுடருக்குள் அனுப்புவது. இன்னொன்று, முதலில் ஒரு அறைக்குள் தூவி, பெரிய துளிகளை விழவிட்டு, மெல்லிய பனியை மட்டும் வாயுவோடு கலந்து அனுப்புவது. கணக்குப்படி முதலாவதுதானே ஜெயிக்கணும்? நடந்தது வேறு. பெரிய துளிகள் முழுசாக ஆவியாகாமலே சுடரைத் தாண்டின, ஒளியைச் சிதறடித்தன, அளவு ஆட்டம் கண்டது. கடைசியில் அறை வைத்த பர்னரே நிலைத்தது.

1964-ல் இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்ட் குழு, 1965-ல் அமெரிக்காவின் ஏம்ஸில் வென்ட்டும் ஃபாசலும் ஐசிபி பிளாஸ்மாவைப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் சூடு 6000 முதல் 10000 கெல்வின். அந்தச் சூட்டில் எந்தத் துளியும் நிற்காது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் துளி உள்ளே இருப்பது சில மில்லிசெகண்ட்தான். சுமார் 10 மைக்ரானுக்கு மேல் போனால் அதற்குள் தீராது. சுற்றியுள்ள பிளாஸ்மாவையும் குளிர்விக்கும்.

1974-ல் ஃபாசலின் குழுவில் ஸ்காட் முதலானோர் வெளியிட்ட அமைப்பு இதற்கு விடை சொன்னது. குழாய்க்குள் குழாய். பனி உள்குழாயில் போய், திரும்பி, வெளிக்குழாய் வழியாக வரும். கனத்த துளியால் திரும்ப முடியாது, சுவரில் மோதி வடிந்துவிடும். பம்ப்பின் துடிப்பும் இதில் அடங்கிப்போகும். இன்றைக்கும் இதன் பெயர் ஸ்காட் சேம்பர்தான். பின்னால் பரவலானது சைக்ளோனிக் வகை: பனி பக்கவாட்டில் நுழைந்து சுழலும், பெரிய துளி சுவரில் அடிபடும். இதில் கொஞ்சம் கூடுதல் பனி பிளாஸ்மாவுக்குப் போகும், சீக்கிரமாகவும் கழுவுப்படும்.

1980-ல் ஹௌக், ஃபாசல், கிரே முதலானோர் பிளாஸ்மாவை நிறைமானியோடு இணைத்ததும் இன்னொரு தலைவலி வந்தது. தண்ணீரின் ஆக்சிஜன் ஆர்கானோடு சேர்ந்து, இரும்பின் 56 நிறையிலேயே வந்து நின்றது. அதனால்தான் அந்தக் கருவிகளில் சேம்பரை 2 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, நீராவியையும் குறைக்கிறார்கள்.

ஆக, சேம்பர் தேர்வு என்பது எதைக் கொட்டலாம் என்ற தேர்வு. மாதிரி சுத்தமான தண்ணீர், தேடும் அளவோ மிகக் குறைவு என்றால் சைக்ளோனிக். உப்பு, அமிலம் மிகுந்த கனமான கரைசல் என்றால் ஸ்காட்டின் நிதானம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தால் கண்ணாடியும் குவார்ட்ஸும் அரிபடும், பிஎஃப்ஏ பிளாஸ்டிக்தான் சரி. பாதரசம் என்றால் எந்தச் சேம்பரானாலும் கழுவும் நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரம் அதற்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். சுவரில் ஒட்டிய மிச்சமே அந்தக் கோட்டைத் தாண்டவைக்கும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு எண் வந்தால் பதறாதீங்க. கழுவிட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்க.