வீட்டிலிருந்து கொட்டிலுக்கு: ஓர் அறுபது மீற்றரின் வரலாறு

எங்கள் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் இருப்பது கோமாரியில் பலருக்குத் தெரியும். முன்பு தேங்காயும் மட்டையும் போட்டு வைத்த இடம். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அதைத் துப்பரவாக்கி, நான்கு வாங்கு போட்டு, மஃரிபுக்குப் பின்னர் சாதாரண தரப் பிள்ளைகள் இருந்து படிக்கிற இடமாக மாற்றினோம். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள் என்பதால் ஆளுக்கொரு நாள் போய் இருப்போம். வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. ஆனால் அதன் வைஃபை கொட்டிலுக்கு எட்டவில்லை. நாடா பிடித்து அளந்தோம். அறுபது மீற்றர்.

போன வருடம் மாரி தொடங்கிய நேரம், ஓர் இரவு பத்து மணியளவில் முன்கதவைப் பூட்டப் போனபோது, வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு பிள்ளை குந்தியிருந்தார். கையில் அவரது உம்மாவின் போன். மழை தூறிக்கொண்டிருந்தது. என்ன மகன் என்று கேட்டோம்.

"விஞ்ஞானம் பாஸ்ட் பேப்பர் டவுன்லோட் பண்றன் சேர். கொட்டில்ல கிடைக்கல்ல. இந்தச் சுவரடியிலதான் ரெண்டு கோடு காட்டுது."

அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். ஆனால் அன்றிரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கடலுக்கடியால் வந்த இணையம், எங்கள் வீட்டுக்குள் வந்து, கடைசி அறுபது மீற்றரில் நின்றுவிட்டது. அது ஏன் என்று தேடியதில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பிள்ளைகள் இருக்கிற வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

கம்பியில்லாமல் செய்தி அனுப்புவது என்றதும் கடல் கடந்த தூரங்களைத்தான் நினைக்கிறோம். ஆனால் அது தொடங்கியது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத்தான். 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு பகிரங்கச் செய்முறை காட்டினார். ஓர் இடத்தில் மின்னலையைப் பிறப்பித்து, இடையிலிருந்த சுவர்களைத் தாண்டி, ஏறக்குறைய 75 அடி தூரத்தில் ஒரு மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். 75 அடி என்றால் 23 மீற்றர். எங்கள் கொட்டில் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் கேள்வி ஒன்றேதான்: இந்த அறையில் இருப்பதைச் சுவருக்கு அப்பால் எப்படிக் கொண்டுபோவது?

எங்கள் நாட்டுக்கு வானொலி வந்த கதையும் சிறிய அறையில்தான் தொடங்குகிறது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களை வைத்து ஓர் ஒலிபரப்பியைச் செய்தார். கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் ஒரு சிறு அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். பரிசோதனையாகத் தொடங்கிய அது, 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான சேவையானது. பிற்காலத்தில் இலங்கை வானொலி என்று நாம் அறிந்ததற்கு அதுதான் மூலம்.

எங்கள் மூத்தாப்பாமார் இரண்டு தென்னைகளுக்கு இடையில் கம்பி இழுத்துக் கட்டி வானொலி கேட்டார்கள். கிடுகு வேலி, களிமண் சுவர், தென்னந்தோப்பு எதுவும் அந்த அலையைத் தடுக்கவில்லை. காரணம் அலையின் நீளம். அன்றைய மத்திய அலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமானது. அதற்கு ஒரு வீடு என்பது பேரலைக்கு முன்னால் நட்ட ஒரு தடி மாதிரி. சுற்றிக்கொண்டு போய்விடும்.

வைஃபை அலை அப்படியல்ல. பழைய ரவுட்டர்களின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்ரிமீற்றர்தான், அரைச் சாணுக்குச் சற்றுக் கூட. 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதிலும் பாதிக்குக் கீழே. இவ்வளவு குறுகிய அலைக்குச் சுவர் சுவராகவே நிற்கும். முற்றாக நிறுத்தாது. ஆனால் ஒவ்வொரு சுவரும் ஒரு பங்கை வரியாக எடுத்துக்கொண்டுதான் விடும். தகரம் அநேகமாக எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். நனைந்த ஓலையும் தண்ணீர்த் தாங்கியும் உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் எங்கள் ஊர் வரலாறும் கலந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் கிடுகும் களிமண்ணும் குறைந்து, சீமெந்துக் கல் வீடுகள் எழும்பின. அதைக் குறை சொல்லவில்லை. கடலைப் பார்த்தவர்களுக்குக் கல்வீட்டின் அருமை தெரியும். ஆனால் வானொலிக் காலத்தில் ஓலைக்குள் இருந்த நாங்கள், வைஃபை வந்த காலத்தில் கல்லுக்குள் வந்துவிட்டோம். எங்கள் வீட்டு ரவுட்டருக்கும் கொட்டிலுக்கும் நடுவில் இரண்டு சீமெந்துச் சுவர், ஒரு தகரக் கூரை, மூன்று தென்னை, அயல்வீட்டு முருங்கை.

இனி வைஃபையின் பிறப்புக்கு வருவோம். 1985இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை பாவிக்கிற, பெரிய நிறுவனங்கள் பெரிதாகக் கணக்கெடுக்காத சில அலைவரிசைகளில், உரிமம் இல்லாமலே தொடர்பாடல் கருவிகள் இயங்கலாம் என்று அனுமதித்தது. நெதர்லாந்தில் ஒரு குழு அதைக் கையிலெடுத்தது. கடைகளின் காசு இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைப்பதுதான் அவர்களுடைய தேவை. அந்தக் குழுவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில் பல நிறுவனங்கள் கூடிப் பேசி, 1997இல் பொதுவான ஒரு தரத்தை வெளியிட்டார்கள். வைஃபை என்ற பெயர் வந்தது 1999இல். ஆகவே அது பிறந்ததே ஒரு கடைக்குள், ஒரு வீட்டுக்குள் பாவிக்கத்தான். வளவைத் தாண்டுவது அதன் வேலையாக இருக்கவில்லை.

ஆனால் மனிதன் விடவில்லை. 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும், கடையில் வாங்கக்கூடிய ரவுட்டரின் மென்பொருளை மாற்றி, பெரிய அன்டெனா பூட்டி, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு 382 கிலோமீற்றர் தூரம் வைஃபை அனுப்பினார்கள். எங்கள் தீவின் நீளமே ஏறக்குறைய 430 கிலோமீற்றர்தான். அங்கே 382 கிலோமீற்றர் போன அலை இங்கே 60 மீற்றர் போகவில்லை என்றால், குற்றம் தூரத்தில் இல்லை என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அவர்களுடைய இரண்டு மலைக்கும் இடையில் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

மலைக்கு மலை சாதனை படைப்பது ஒன்று, அது ஏழைக்கு உதவுவது இன்னொன்று. அதற்குத் தமிழ்நாட்டின் தேனியைப் பார்க்க வேண்டும். 1976இல் டொக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. சுற்றியுள்ள கிராமங்களில் சிறிய கண் பரிசோதனை நிலையங்களைத் திறந்தார்கள். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் டொக்டரை இருத்த முடியாது. 2000களின் நடுப்பகுதியில், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு இவர்களோடு சேர்ந்தது. கோபுரங்களில் அன்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்கும்படி பூட்டி, கிலோமீற்றர் கணக்கான தூரத்துக்கு வைஃபை கொண்டுபோனார்கள். கிராமத்து நிலையத்தில் இருக்கிற நோயாளி, தேனியில் இருக்கிற டொக்டருடன் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினார். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

அவர்கள் கண்டுபிடித்த சிக்கலை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள். வைஃபை ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு, "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு வீட்டளவுக்கு அமைந்தது. தூரம் கூடும்போது பதில் பிந்தி வரும். அது தொலைந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பவும் அனுப்பும், திரும்பவும் காத்திருக்கும். ஆகவே அவர்கள் அந்த முறையை மாற்றி, "இப்போது நீ பேசு, அடுத்து நான் பேசுகிறேன்" என்று நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். பலர் ஒன்றாகக் கத்துகிற வகுப்பில் நாங்கள் செய்கிற அதே வேலை.

எங்கள் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு கொத்மலை சமூக வானொலிக்கு இணையம் வந்தது. கணினி இல்லாத கிராமத்தவர்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடையை வானொலியில் சொல்வார். இணையம் போகாத வீட்டுக்கு மனிதக் குரல் போனது.

அநுராதபுர மாவட்டத்தில், வில்பத்துக் காட்டோரத்தில் இருக்கிற மகாவிலச்சியவில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் பிள்ளைகளின் சஞ்சிகை ஒன்றில் தொடங்கி, கணினி வரை கொண்டுபோனார். 2006இல் அந்தக் கிராமத்தின் வீடுகள் கம்பியில்லா வலைப்பின்னலால் இணைக்கப்பட்டன. ஒரு வீட்டுக் கருவி அடுத்த வீட்டுக்கு அலையைக் கைமாற்றும், அது அதற்கடுத்த வீட்டுக்கு. ஓர் ஆசிரியரும் கொஞ்சம் பெற்றோரும் மனம் வைத்தால் காட்டோரத்திலும் நடக்கும் என்பதற்கு அந்தக் கிராமம் சாட்சி.

இவ்வளவும் நடந்த பிறகுதான் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இல் போஹிட்டியாவ என்ற மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. அவர்களோடு ஆசிரியையும் ஏறினார். எங்கள் பக்கத்தில் பாறைக்குப் பதிலாகக் கடற்கரையும் மதில் மேலும். எத்தனை பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தோடு படிப்பை விட்டார்கள் என்பது நம் ஒவ்வொருவரின் ஒழுங்கையிலும் தெரியும்.

இனி கொட்டிலுக்கு வருவோம். முதலில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்கிறோம், நீங்களும் காசைக் கரியாக்காதிருக்க. ஒரு கடையில் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி, கொட்டிலுக்குள்ளேயே செருகினோம். ஒன்றும் நடக்கவில்லை. ரிப்பீட்டர் தனக்குக் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். கேட்காத இடத்தில் வைத்தால் எதைச் சொல்லும்? அதை அலை இன்னும் நன்றாக இருக்கிற நடுவழியில் வைக்க வேண்டும். எங்களுக்கு நடுவழியில் தென்னைதான் இருந்தது, கரண்ட் இல்லை. அத்தோடு ஒரே வானொலியால் கேட்டு அதனாலேயே சொல்லுகிற சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அடுத்து கேபிளை யோசித்தோம். சாதாரண நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை போகும், அறுபதுக்குத் தாராளம். ஆனால் இரண்டு கட்டடங்களை இணைக்கிற செம்புக் கம்பி, ஐப்பசி இடிமின்னலில் இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடலாம். கண்ணாடி இழைக் கேபிளுக்கு அந்தப் பயமில்லை. வசதியுள்ளவர்கள் அதைக் குழாய்க்குள் விட்டுப் புதைப்பதே நல்லது.

நாங்கள் செய்தது தேனியின் சின்ன உருவம். ஒன்றையொன்று பார்க்கிற இரண்டு வெளி அன்டெனாக் கருவிகள், 5 கிகாஹேர்ட்ஸ். ஒன்று வீட்டுக் கூரைக்கு மேலே பைப்பில், மற்றது கொட்டில் முகட்டில். கொட்டிலுக்குள் ஒரு பழைய ரவுட்டர். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தோம், அதுவும் போதாது. அலை நூல் மாதிரி நேராகப் போவதில்லை. வெள்ளரிக்காய் மாதிரி, இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்துப் போகும். எங்கள் தூரத்துக்கு நடுவில் சுற்றிவர ஏறக்குறைய ஒரு மீற்றர் வெளி வேண்டும். அந்த வெளிக்குள் அயல்வீட்டு முருங்கைக் கொப்பு நின்றது.

அக்காவிடம் போய்ச் சொன்னோம். அவர் அலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளையள் படிக்கத்தானே" என்று சொல்லி அவரே கத்தியை எடுத்துத் தந்தார். வெட்டிய கொப்பின் இலையையும் சுண்டித் தந்துவிட்டார்.

அன்று மஃரிபுக்குப் பிறகு கொட்டிலில் வீடியோப் பாடம் தடையில்லாமல் ஓடியது. சுவரடியில் குந்தியிருந்த பிள்ளைதான் முதல் வாங்கில் இருந்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதினோம்? இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் மாதக் காசு கட்டிய இணையம் இரவில் சும்மா கிடக்கிறது. இரண்டு மதில் தள்ளி ஒரு பிள்ளை டேட்டா தீர்ந்த போனோடு இருக்கிறது. இப்போதைய அநேக ரவுட்டர்களில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக ஒன்று உண்டு. வேறு பாஸ்வேர்ட் போடலாம், வேகத்தை மட்டுப்படுத்தலாம், பத்து மணிக்குத் தானாக நிற்கச் செய்யலாம். உங்கள் சொந்தக் கருவிகளுக்குள் யாரும் வர முடியாது. யார் பாவிக்கிறார்கள் என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கொட்டில், விறாந்தை, பழைய கடை அறை என்று ஓர் இடமும், நாலைந்து பிள்ளைகளும் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாடாவும் ஏணியும் எடுத்துக்கொண்டு வருகிறோம். இடையில் என்ன நிற்கிறது என்று ஒன்றாக நின்று பார்ப்போம்.